மாணிக்கம் கேட்ட கேள்வி

சென்ற மாதம் எங்கள் பழைய தீயணைப்பு நிலையத்திலிருந்து இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். இருவரும் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருடம்தான் இருக்கும். ரசாயனக் கசிவு ஏற்பட்டால் இனிமேல் அக்கம்பக்கத்துக் கைப்பேசிகளுக்கெல்லாம் எச்சரிக்கை போய்விடுமாம். அதையொட்டிப் பயிற்சிக் கையேடு ஒன்று தயாராகிறது, ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தர வேண்டும் என்றார்கள்.

"நல்லபடியா முடிஞ்ச கேஸா ஒண்ணு எழுதிக் குடுங்க சார். படிக்கிற பசங்களுக்குத் தெம்பா இருக்கும்."

நல்லபடியாக முடிந்தவை என்னிடம் நிறைய உண்டு. முதலில் அப்படி ஒன்றைத்தான் எழுத உட்கார்ந்தேன். அதையும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பயிற்சி என்றால் ஓட்டம், ஏணி, கயிற்று முடிச்சு, தண்ணீர்க் குழாய். ரசாயனம் ஒரே ஒரு மத்தியான வகுப்பு. பாதிப் பேர் தூங்கினோம். தஞ்சாவூர்ப் பக்கம் எங்களுக்கு வந்த அழைப்புகளும் வைக்கோல்போர், கூரை வீடு, கிணற்றில் விழுந்த மாடு என்றுதான் இருந்தன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிலைமை மாறியது. கடற்கரையில் மீனுக்காக ஐஸ் கம்பெனிகள் வந்தன, அவற்றில் அமோனியா. குடிநீர் நிலையங்களில் குளோரின் சிலிண்டர். உரக்கடைக் கிடங்குகளில் பூச்சிமருந்து. வீட்டுக் குளியலறை அலமாரியில் கலர் கலராகப் பாட்டில்கள்.

இவற்றை எப்படி அணுகுவது என்று எனக்குக் காட்டியவர் நிலைய அலுவலர் அருளானந்தம். குள்ளமான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ரசாயனம் என்று அழைப்பு வந்தால் வண்டியைச் சம்பவ இடத்துக்கு வெகு முன்னாலேயே நிறுத்தச் சொல்லிவிடுவார். இறங்கியதும் சம்பவ இடத்தைப் பார்க்க மாட்டார். மரத்தைப் பார்ப்பார், டீக்கடைப் புகையைப் பார்ப்பார், மாடியில் காயும் துணியைப் பார்ப்பார். "வேட்டி எந்தப் பக்கம் ஆடுது, சொல்லு" என்பார். நாங்கள் சொன்ன பிறகு அக்கம்பக்கத்தில் மூன்று கேள்வி கேட்பார். கசிகிறது என்ன? எவ்வளவு இருக்கிறது? உள்ளே யார் இருக்கிறார்கள்? இவற்றுக்கு விடை வரும்வரை யாரும் குழாயைத் தொடக்கூடாது. "வந்து மரத்த வேடிக்க பாக்குறான் பாரு" என்று கூட்டத்தில் திட்டுவார்கள். அவர் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்.

கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரின் வீடு. பெங்களூரிலிருந்து மகள் குடும்பம் வருகிறது என்று கணவனும் மனைவியும் குளியலறையைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அவர் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போக, அது தெரியாமல் அந்த அம்மா அதன்மேல் ஆசிட்டை ஊற்றிவிட்டார். மூடிய அறையில் விஷவாயு நிறைந்துவிட்டது. அங்கேயே மயங்கி விழுந்துவிட்டார். நாங்கள் போனபோது தெருவே வாசலில் நின்றது. அருளானந்தம் வழக்கம்போல முதலில் தென்னை மட்டையைப் பார்த்தார். பிறகு என்னையும் இன்னொருவரையும் மூச்சுக்கருவியோடு உள்ளே அனுப்பினார். மற்றவர்களைக் கொல்லைப்பக்கம் போய் வெளியிலிருந்தே ஜன்னல்களைத் திறக்க வைத்தார். அந்த அம்மாவைத் தூக்கிவந்து காற்று வரும் பக்கமாகக் கிடத்தினோம். கண் விழித்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் நான்கு நாளில் திரும்பியும் வந்துவிட்டார்.

அன்று ஆம்புலன்ஸ் போன பிறகும் அருளானந்தம் கிளம்பவில்லை. அலமாரியிலிருந்த பாட்டில்களையெல்லாம் எடுத்துவரச் சொல்லி வாசற்படியில் இரண்டு வரிசையாக வைத்தார். இந்த வரிசையும் அந்த வரிசையும் ஒரே அறையில் இருக்கக்கூடாது என்று காட்டினார். தலைமை ஆசிரியர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"நான் கெமிஸ்ட்ரி வாத்தியார் சார். முப்பது வருஷம் இதத்தான் நடத்தினேன்."

"நடத்தியிருப்பீங்க சார். ஆனா வீட்டுல ரெண்டு பாட்டிலயும் பக்கத்துல பக்கத்துல வச்சது கைதானே. கைக்குத் தனியா சொல்லிக் குடுக்கணும்" என்றார் அருளானந்தம்.

கையேட்டுக்கு இது போதும். இனி எழுதப்போவது எனக்காக.

பேராவூரணிக்குக் கிழக்கே, கடலோரத்தில் ஒரு மீனவர் தெரு. தெருவுக்குக் கிழக்கில், படகுகள் அணையும் இடத்தருகே ஓர் ஐஸ் கம்பெனி. மேற்கில் அம்மன் கோயில் திடல். வடக்கே தார்ச்சாலையைத் தாண்டினால் பள்ளிக்கூட மைதானம். அமோனியா கசிந்தால் மக்கள் எங்கே போக வேண்டும் என்று ஒத்திகை நடத்தும்படி எங்களுக்கு உத்தரவு வந்தது. நான் அப்போது முன்னணித் தீயணைப்பு வீரர். அருளானந்தம் மூன்று முறை அந்த ஊருக்குப் போனார். கம்பெனியிலிருந்து ஒவ்வொரு திடலுக்கும் நடந்து பார்த்துக் காகிதத்தில் வரைந்தார். மேற்கிலிருந்து கச்சான் அடித்தால் அமோனியா கடல் பக்கம் போய்விடும், அப்போது கோயில் திடல் பத்திரமான இடம். கிழக்கிலிருந்து கொண்டல் அடித்தால் தெருவைத் தாண்டி அந்தத் திடலுக்குத்தான் நேராக வரும். அப்போது காற்றுக்குக் குறுக்கே நடந்து பள்ளிக்கூட மைதானத்துக்குப் போக வேண்டும்.

"ரெண்டயும் நடத்திக் காட்டணும் ராஜேந்திரன்" என்றார். "வாயால சொல்லிட்டு வந்துடாத. கால் நடந்த எடந்தான் அவங்களுக்கு நிக்கும்."

ஒத்திகை நாளன்று அவர் புதுக்கோட்டைக் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போக வேண்டியிருந்தது. பொறுப்பு என்னிடம் வந்தது.

ஆடி மாதம். கச்சான் புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு வர வேண்டிய அதிகாரிகள் பன்னிரண்டரைக்கு வந்தார்கள். மீன் விற்கப் போக வேண்டிய பெண்கள் கூடையோடு நின்றார்கள். தெருவை ஒழுங்குபடுத்த ஒருவர் வேண்டும் என்றபோது எல்லோரும் மாணிக்கத்தைக் காட்டினார்கள். சொந்தமாக வள்ளம் வைத்திருந்தவர். ஐம்பது வயதிருக்கும். கடலில் கூப்பிட்டுப் பழகிய குரல். அவருக்கு ஆரஞ்சு நிறச் சட்டையும் விசிலும் கொடுத்தேன். ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெரு முழுவதும் அவர் பின்னால் கோயில் திடலுக்கு நடந்தது. படம் எடுத்தார்கள். மோர் குடித்தார்கள். அதிகாரிகளின் வண்டி கிளம்பியதுமே கூட்டம் கலையத் தொடங்கியது.

மாணிக்கம் மட்டும் என்னிடம் வந்தார்.

"சார், இது கச்சான். ஐப்பசி பொறந்துட்டா கொண்டக்காத்து வந்துருமே. அப்ப இந்தத் திடலு சரியா வருமா?"

ஒத்திகையின் மற்றொரு பாதி முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது. ஆமாம் அண்ணே, அப்போது பள்ளிக்கூட மைதானம் என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் சொன்னால் அவர் விட மாட்டார், அங்கேயும் நடந்து பார்ப்போம் என்பார், கலைந்த கூட்டத்தை மறுபடி கூட்ட வேண்டும் என்று என் மனசில் ஓடியது. பசி. வெயில். பூட்ஸுக்குள் கால் வெந்துகொண்டிருந்தது.

"அதெல்லாம் அப்ப நாங்க வந்து சொல்லுவோம்ணே. நீங்க இப்பக் காட்டுன எடத்துக்கு எல்லாரையும் கொண்டாந்து சேத்துடுங்க, போதும்" என்றேன்.

"சரிங்க சார்" என்றார்.

மாலையில் அருளானந்தம் ஃபோனில் கேட்டார். "ரெண்டும் நடத்தியாச்சா?"

"ஒண்ணு நடத்தினோம் சார். ரெண்டாவதுக்கு நேரமில்ல. தெருவுக்குப் பொறுப்பா மாணிக்கம்னு ஒருத்தர் இருக்காரு, அவருகிட்ட வெவரமா சொல்லிட்டேன்."

அவருக்குத் திருப்தியில்லை. "சொன்னா பத்தாதுன்னு சொன்னேன்ல. அடுத்த வாரம் போயி நடத்திட்டு வந்துரு" என்றார். அடுத்த வாரம் வேறு வேலைகள் வந்தன. அதற்கடுத்த வாரமும் வந்தன. நான் போகவேயில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, ஏழு மணி சுமாருக்கு அழைப்பு வந்தது. ஐஸ் கம்பெனியில் குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போய் அமோனியா கொட்டுகிறது. முந்தைய நாள் மழை பெய்து காற்று முழுக்க ஈரம். ஊருக்கு முன்னால் அருளானந்தம் வண்டியை நிறுத்தினார். சவுக்கு மரங்களின் நுனி மேற்கே சாய்ந்திருந்தது. "கொண்டல்" என்றார். வடக்குப் பக்கமாகச் சுற்றிக் கடல் பக்கம் வந்து, காற்று எங்கள் முதுகில் படும்படி கம்பெனியை அணுகினோம்.

மெக்கானிக் கண் தெரியாமல் வாசலில் உட்கார்ந்து தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். எந்த வால்வை மூட வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு, நானும் இன்னொருவரும் மூச்சுக்கருவியோடு உள்ளே போனோம். வெளியிலிருந்து எங்களைச் சுற்றித் தண்ணீரைச் சாரலாக அடித்துக்கொண்டே இருந்தார்கள். அமோனியா தண்ணீரில் கரையும், எங்களுக்கும் அதற்கும் நடுவே அந்தச் சாரல்தான் சுவர். வால்வு துருப்பிடித்திருந்தது. இரண்டு பேர் சேர்ந்து திருகியும் எளிதில் அசையவில்லை. மூடிவிட்டு வெளியே வந்து முகமூடியைக் கழற்றினேன். ஒருவர் என் தோளில் தட்டினார். பெரிய வேலை முடிந்த நினைப்பில் நின்றேன்.

அப்போது மேற்கிலிருந்து விசில் சத்தம் கேட்டது. விட்டுவிட்டு, ஒழுங்காக, ஆட்களைக் கூட்டுகிற விசில்.

அருளானந்தம் திரும்பி என்னைப் பார்த்தார். "அங்க எதுக்குடா போனாங்க?"

கோயில் திடல் கொஞ்சம் பள்ளம். ஈரக் காற்றில் வெள்ளைப் புகை எழும்பாமல் தரையோடு தவழ்ந்துபோய் அங்கே தேங்கியிருந்தது. கருவியை மறுபடி மாட்டிக்கொண்டு ஓடினோம். பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். குழந்தைகள் இருமி இருமி வாந்தி எடுத்தன. சிலர் ஓடப் பார்த்திருக்கிறார்கள். கடற்கரையோரமாக வடக்கே ஓடியவர்களையும் மாணிக்கம் விசில் அடித்துத் திருப்பி அழைத்து வந்திருக்கிறார். ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தார். கண் இரண்டும் சிவந்து நீர் கொட்டியது. இடது தோளில் அவர் மனைவி வள்ளி துவண்டு கிடந்தார். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு உண்டு.

என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"சார், எல்லாரயும் கொண்டாந்துட்டேன். எண்ணிட்டேன். ஒருத்தர்கூட விட்டுப் போகல" என்றார்.

எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோனோம். குழாயின் வேகத்தைக் குறைத்து ஒவ்வொருவரின் கண்ணையும் நெடுநேரம் கழுவினோம். பலர் ஒரு வாரத்தில் தேறினார்கள். வள்ளி மூன்றாம் நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அறிக்கை எழுதும்போது அருளானந்தம் என்னை உட்காரவைத்துக் கேட்டார்.

"அந்த மாணிக்கத்துகிட்ட பள்ளிக்கூட மைதானத்தச் சொன்னது நிச்சயந்தானே?"

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த சரியான நேரம் அது. எதிரே இருந்தவர் கத்துகிறவர் இல்லை. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. வால்வை மூடியதற்குப் பாராட்டுச் சான்றிதழுக்கும் பரிந்துரைத்திருந்தார்கள்.

"சொன்னேன் சார். பதட்டத்துல மறந்திருப்பாரு."

அவர் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். பிறகு எழுதினார். காற்று மாறினால் செல்ல வேண்டிய இடம் தெருப் பொறுப்பாளரிடம் முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தும், பதற்றத்தில் மக்கள் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர் என்று. நானும் கையெழுத்துப் போட்டேன்.

தாலுகா அலுவலகத்தில் ஊர்க்காரர்களைக் கூட்டி அதைப் படித்துக் காட்டினார்கள். மாணிக்கம் மொட்டையடித்த தலையோடு பின்வரிசையில் இருந்தார். அந்த வரி வந்ததும் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். எழுந்தார். இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைத்தான் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை. எதையோ ஞாபகப்படுத்திக்கொள்ள முயல்கிறவர் மாதிரி இருந்தது.

"சார் சொல்லியிருப்பாருங்க. அன்னிக்கு ஒரே சத்தம். நாந்தான் சரியா காதுல வாங்கல போலருக்கு" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு பதவி உயர்வு வந்தது. சான்றிதழும் வந்தது. வேறு ஊர்களில் எத்தனையோ ஒத்திகை நடத்தினேன். எல்லா இடத்திலும் இரண்டு திடல்களையும் நடத்திக் காட்டினேன். கண்டிப்பானவர் என்று பெயர் வாங்கினேன். அந்தத் தெருப்பக்கம் மட்டும் போகவில்லை.

ஓய்வுபெற்ற மறுவருடம் அருளானந்தத்தைத் தேடிப் போனேன். தஞ்சாவூரில் மகள் வீட்டில் இருந்தார். முழங்கால் தேய்ந்து நடக்க முடியாமல் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எழுதுறப்ப எனக்குச் சந்தேகம் வந்துச்சு" என்றார் கடைசியில். "சந்தேகம் வந்தா அங்கேயே போயி மாணிக்கத்தையே கேட்டிருக்கணும். கேக்கல. அது என்னோட தப்பு, அத நான் பாத்துக்கிறேன். நீ எதுக்கு மொதல்ல எங்கிட்ட வந்த?"

அவரே தொடர்ந்தார்.

"எங்கிட்ட சொல்றது லேசு. அவருகிட்ட போ."

அதற்குப் பிறகும் எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். ஒரு மாசி மாதக் காலையில் பேராவூரணி போய் இன்னொரு பஸ் மாறி இறங்கினேன். ஐஸ் கம்பெனி பூட்டிக் கிடந்தது. மாணிக்கத்தின் வீட்டில் அவர் மகள் செல்வி கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நாற்காலி போட்டாள்.

"அப்பா போயி ரெண்டு வருசமாச்சு சார்" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு சொன்னேன். அவர் கேட்ட கேள்வியை, நான் சொன்ன பதிலை, பிறகு சொன்ன பொய்யை. அவள் கை கருவாட்டின் மேலேயே இருந்தது.

"அப்பாதான் கேட்டுச்சா? கொண்டக்காத்து வந்தா என்ன பண்றதுன்னு?"

"ஆமாம்மா. அவர் ஒருத்தர்தான் கேட்டாரு."

"என்னன்னு கேட்டுச்சு? அப்படியே சொல்லுங்க."

சொன்னேன்.

"இன்னொருக்கா சொல்லுங்க."

இன்னொரு முறையும் சொன்னேன். அவள் உதடு அந்த வார்த்தைகளோடு சேர்ந்து அசைந்தது.

"அப்பா ஒவ்வொரு நாளும் அதத்தான் நெனச்சுப் பாத்துக்கிட்டே கெடக்கும் சார். அந்த சாரு என்ன சொன்னாரு, எங்க நின்னு சொன்னாருன்னு. வள்ளத்த வித்துட்டுச்சு. காது சரியில்லாதவன் கடலுக்குப் போவக்கூடாதுன்னு சொல்லிரும். டாக்டரு பாத்துட்டுக் காது நல்லாத்தான் இருக்குன்னாரு. நம்பல. தெருவுல யாரும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க. அம்மாவ நீயே கொண்டுபோயி சாவக் குடுத்துட்டேன்னு சித்தப்பாவே கேட்டுச்சு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையைத் தூக்கித் தடுத்தாள்.

"எங்கிட்ட வேணாம் சார். எனக்கு எங்கப்பாவத் தெரியும். தெருவுல போயி சொல்லுங்க."

வலை பின்னும் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். பாதியில் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். யாராவது அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒருவர் கையிலிருந்த வலை ஊசியைக் கீழே வைத்தார். வயதானவர், மாணிக்கத்தின் தம்பி. மெதுவாக எழுந்து செல்வி வீட்டை நோக்கி நடந்தார். பின்னாலேயே இன்னும் சிலர் போனார்கள். வீட்டுக் கதவு அதற்குள் சாத்தியிருந்தது.

அவர் கதவருகே நின்று, "செல்வி" என்று கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். "அண்ணன்கிட்ட ஒரு வார்த்த பேசணும்னுதான் வந்தோம்மா" என்றார். என்ன சொல்கிறோம் என்று தெரிந்து சொன்னாரா, வாய் தவறி வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து செல்வியின் குரல் வந்தது.

"அப்பா வீட்டுல இல்ல."